விடுமுறைச் சாக்லெட்

பள்ளிக்கூடத்தை அரையாண்டு விடுமுறைக்குப் பூட்டிவிட்டால் உபாத்தியாயருக்கு ஓய்வு கிடைத்துவிடும் என்று எண்ணுபவர்கள், வீட்டில் குழந்தைகள் இல்லாதவர்களாகவே இருக்க வேண்டும். சென்ற வருஷம் டிசம்பரில் என் பெண் ஒரு யானை அச்சையும் ஒரு மயில் அச்சையும் எங்கிருந்தோ வாங்கி வந்து, "அப்பா, சாக்லெட்டில் பொம்மை வார்த்து, வர்ணம் தீட்டி, மதுரைக்கு அப்பத்தாவிடம் எடுத்துப் போகலாம்" என்றாள். "அதற்கென்ன கண்ணு, செய்தால் போகிறது" என்று யோசியாமல் சொல்லிவிட்டேன்.

அச்சில் வார்ப்பது கீரனூர் வாசிகளுக்குப் புதிதன்று. பக்கத்திலேயே நெய்க்காரப்பட்டியில் வெல்ல வியாபாரம் நடக்கிறது; பாகின் பதம் எங்கள் ஊர்ப் பெண்மணிகளுக்குக் கைவந்த கலை. ஆனால் வெல்லத்தின் பதம் காய்ச்சுவதில் இருக்கிறது. சாக்லெட்டின் பதமோ ஆற்றுவதில் இருக்கிறது. இது தெரியாமல்தான் நாங்கள் முதற்கட்டியைப் பாழாக்கினோம்.

சாக்லெட்டுக்கு உறுதி தருவது கொக்கோ வெண்ணெய். அது உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடும். அவற்றுள் ஐந்தாவது வகையே நமக்கு வேண்டியது. அது ஏறத்தாழ 34 டிகிரி சென்டிகிரேடில் உருகும். நம் உடம்பின் உஷ்ணம் 37. ஆகவேதான் நல்ல சாக்லெட் வாயிலிட்டதும் கரைகிறது. மற்றப் படிகங்கள் சேர்ந்துவிட்டால் பொம்மை மங்கி, சில நாளில் சாம்பல் பூத்து, அச்சை விட்டு வராமல் அடம் பிடிக்கும்.

செய்முறை வருமாறு: சாக்லெட்டைத் துருவி மூன்றில் இரண்டு பங்கைக் கிண்ணத்திலிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து 45 டிகிரி வரை உருக்குக. பிறகு கீழே இறக்கி, மீதிப் பங்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்புச் சாக்லெட்டானால் 31, 32 டிகிரிக்கு வந்ததும் வார்க்கலாம். பால் சாக்லெட்டுக்கு இரண்டு டிகிரி குறைவு. கத்தி முனையில் சிறிது தடவிப் பாருங்கள்; ஐந்தாறு நிமிஷத்தில் பளபளப்போடு இறுகினால் பதம் சரி. வார்த்த அச்சைத் தரையில் தட்டிக் காற்றுக் குமிழிகளைப் போக்கிக் குளிர்பெட்டியில் கால்மணி நேரம் வைத்தால் போதும். பதம் சரியாயிருந்தால் சாக்லெட் சுருங்கித் தானே அச்சை விட்டு விலகும். இவ்வளவையும் மார்கழி விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். கீரனூரில் வெயில் ஏறிய பிறகு சாக்லெட்டைத் தொடுவது வீண் வேலை.

வர்ணந்தான் பெரிய சோதனை. என் பெண் கேசரிப் பவுடரை நீரில் குழைத்துத் தூரிகையோடு வந்தாள். அதில் ஒரு சொட்டு உருகிய சாக்லெட்டில் விழ, அது அப்படியே திரித்திரியாகக் கட்டிக்கொண்டது. கொழுப்பினுள் இருக்கும் சர்க்கரைத் துகள்கள் ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். எண்ணெயில் கலக்கக்கூடிய உணவு வர்ணத்தை உருக்கிய கொக்கோ வெண்ணெயில் குழைத்துத்தான் தீட்ட வேண்டும். மஞ்சளுக்கு நம் சமையலறை மஞ்சள்தூளே ஒரு சிட்டிகை போதும். சித்திரம் எழுதும் வர்ணப் பெட்டியைக் குழந்தைகள் தூக்கி வந்தால் தயவுசெய்து பிடுங்கி வையுங்கள். அது வயிற்றுக்கு ஆகாது.

தீட்ட வேண்டிய இடம் பொம்மையின்மேல் அன்று, அச்சின் உட்புறம். தஞ்சாவூர்க் கண்ணாடிச் சித்திரம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்னால் தெரிய வேண்டியதை முதலில் எழுத வேண்டும். மயிலின் கண்ணை முதலில் வைத்து, அது உறைந்த பிறகு கழுத்தின் நீலம், கடைசியில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வெள்ளைப் பூச்சு. வெள்ளை இல்லாவிட்டால் கறுப்புச் சாக்லெட் நீலத்தை விழுங்கிவிடும். எங்கள் முதல் மயிலுக்குக் கண்ணே இல்லை; கழுத்துக்குப் பின்னால் எங்கோ ஒளிந்துகொண்டது.

இன்னொரு விஷயம். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்புச் சேர்த்த கட்டி மலிவாகக் கிடைக்கிறது. 'காம்பவுண்ட்' என்று பெயர். மலைவாச ஸ்தலங்களில் 'வீட்டில் செய்தது' என்று விற்பவற்றுள்ளும் சில இத்தகையவை. அதற்குப் பதம் பார்க்க வேண்டியதில்லை, வெயிலும் ஓரளவு தாங்கும். சிறு குழந்தைகள் பழகுவதற்கு அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் உறையின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். சாக்லெட்டின் விலை கொடுத்து அதை வாங்குவானேன்? பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் இன்று கொக்கோ ஊடுபயிராக விளைகிறது. அதிலிருந்து அங்கேயே நல்ல சாக்லெட்டும் செய்கிறார்கள்.

மூன்றாம் நாள் விடியலில் ஒரு யானையும் ஒரு மயிலும் குறையின்றிப் பிறந்தன. தகர டப்பாவில் வைத்துப் பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் புறப்பட்டோம். புறப்பட்டது காலை பதினொரு மணிக்கு! 34 டிகிரியைப் பற்றி வீட்டில் அவ்வளவு பிரசங்கம் செய்த நான், டப்பாவைப் பஸ்ஸின் வெயில் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு உறங்கிப் போனேன். மதுரையில் திறந்தபோது உள்ளே நீலமும் மஞ்சளும் ஓடிய ஒரு குழம்பு. குழந்தையின் கண்களில் நீர் தளும்பிவிட்டது.

என் தாயார் டப்பாவை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கரண்டி ஒன்றை எடுத்து வந்து, "யானை எந்தப் பக்கம், மயில் எந்தப் பக்கம், சொல்லு கண்ணு, முதலில் மயிலைச் சாப்பிடுகிறேன்" என்றார்.

இந்த வருஷம் விடியற்காலை முதல் பஸ்ஸுக்கே போவதென்று முடிவு செய்திருக்கிறோம். பனிக்கட்டிப் பைகளோடு தெர்மாகோல் பெட்டி ஒன்றும் தயார். என் தாயார் மட்டும் கரண்டியை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.