வாய்ச் சாமர்த்தியத்துக்குத் தனி விலையா?

ஒரே ஷோரூம், ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே வாரம். இரண்டு பேர் கார் வாங்குகிறார்கள். ஒருவர் மற்றவரைவிட முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ கூடுதலாகக் கொடுத்திருக்கிறார் என்று பிறகு தெரியவருகிறது. நம் ஊரில் இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. “கேட்டிருந்தால் குறைத்திருப்பார்களே” என்று கூடுதலாகக் கொடுத்தவரையே குறை சொல்கிறோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பழமொழியும் துணைக்கு வருகிறது. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் மிகப் பெரிய செலவு கார். அதில் வாயில்லாத பிள்ளைக்கு வேறு விலை என்பது எந்த வகையில் நியாயம்?

பேரத்துக்கு மாற்றாகக் கறார் விலையை முன்வைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். கார் நிறுவனங்களே அதில் ஆர்வம் காட்டுகின்றன. ஆனால், கறார் விலையிலும் இரண்டு வகை உண்டு. ஒரு கடைக்குள் எல்லோருக்கும் ஒரே விலை என்பது ஒன்று. நாட்டில் உள்ள எல்லாக் கடைகளிலும் ஒரே விலை என்பது மற்றொன்று. முதலாவது வாங்குபவரைக் காக்கும். இரண்டாவது விற்பவரைக் காக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால், பேரத்திலிருந்து தப்பித்து வேறொரு பிடியில் சிக்கிக்கொள்வோம்.

ஒரு மேசை, பல பேரங்கள்

காரின் ஆன்-ரோடு விலையைப் பிரித்துப் பார்த்தால், டீலர் நினைத்தாலும் குறைக்க முடியாத தொகையே அதில் கணிசம். எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் கார்களில் சிறியவற்றுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம். அதன் மேல் மாநில அரசின் ஆயுள்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 13 சதவீதம். அதற்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு டிசிஎஸ் என்று 1 சதவீதம் பிடிக்கப்படும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். இவற்றில் பேரத்துக்கு இடமே இல்லை.

பேசக்கூடியவை எவை? டீலரின் லாபம், நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் சலுகை, எக்ஸ்சேஞ்ச் போனஸ், இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரன்டி, கடன் வட்டி, பழைய காரின் மதிப்பு. வாங்குபவர் காரின் விலைக்காக ஒரு பேரம் பேசுவதாக நினைக்கிறார். உண்மையில் ஐந்தாறு பேரங்கள் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. புதிய காரில் இருபதாயிரம் குறைத்துவிட்டுப் பழைய காரின் மதிப்பில் அதைத் திரும்ப எடுத்துவிடலாம். ஆக்சஸரீஸ் இலவசம் என்று சொல்லி, அதே பாலிசியை வெளியில் எடுப்பதைவிடக் கூடுதல் பிரீமியம் வாங்கிவிடலாம். மொத்தக் கணக்கு விற்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரிவது, தான் எதையோ குறைத்துவிட்டோம் என்ற திருப்தி மட்டுமே.

டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பது தொடர்பாக இன்சூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம் 2017-ல் விதிகளை வகுத்தது. குறிப்பிட்ட நிறுவனத்தின் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்த அவை இடம் தரவில்லை. ஆனால், “வெளியில் இன்சூரன்ஸ் எடுத்தால் இந்தத் தள்ளுபடி கிடையாது” என்ற ஒரே வாக்கியத்தில் அந்த உரிமை காணாமல்போகிறது. பில்லில் வரும் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்ற தொகையும் இப்படித்தான். அது அரசுக்குப் போகும் கட்டணம் கிடையாது. ஏன் என்று கேட்டவருக்கு நீக்கிவிடுவார்கள். கேட்காதவர் கட்டிவிட்டுப் போவார்.

இணைய வணிகத்தில் இதற்குப் பெயர் வைத்துத் தடையும் போட்டிருக்கிறோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும் தறுவாயில் கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதை நியாயமற்ற உத்தி என்று பட்டியலிட்டன. கேட்காத பொருளைக் கணக்கில் நுழைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு சினிமா டிக்கெட்டை இணையத்தில் வாங்கும்போது கூடாது என்று சொல்வதை, பத்து லட்ச ரூபாய் காரை நேரில் வாங்கும்போது வழக்கம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

சிகாகோ சொன்ன பாடம்

பேரத்தில் திறமையுள்ளவர் வெல்கிறார் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இயன் ஏர்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். சிகாகோ பகுதிக் கார் ஷோரூம்களுக்கு வெள்ளையின ஆண், வெள்ளையினப் பெண், கறுப்பின ஆண், கறுப்பினப் பெண் எனச் சோதனை வாடிக்கையாளர்களை அனுப்பினார். எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி, முன்கூட்டியே எழுதிக்கொடுத்த அதே உரையாடலைப் பேசி, அதே உத்தியில் பேரம் நடத்தினார்கள். திறமையில் வேறுபாடே இல்லை. ஆனாலும், கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது. 1991-ல் வெளிவந்த அந்த ஆய்வை, பீட்டர் சீகல்மனுடன் சேர்ந்து 300-க்கும் மேற்பட்ட சோதனைகளாக விரித்து 1995-ல் மீண்டும் வெளியிட்டார். முடிவு மாறவில்லை.

அந்நாட்டின் நிறப் பாகுபாட்டை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனால், ஆளைப் பார்த்து எடைபோட்டு விலை சொல்லும் முறை இங்கேயும் அதுவேதான். முதல் தலைமுறையாகக் கார் வாங்கும் விவசாயி, தனியாக வரும் பெண், பேரம் பேசுவதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் ஆசிரியர், நாலு ஷோரூம் ஏறி இறங்க விடுப்புக் கிடைக்காத ஊழியர் ஆகியோர் கொடுக்கும் கூடுதல் தொகையிலிருந்துதான், விவரம் அறிந்து மூன்று கொட்டேஷனோடு வருபவருக்குத் தள்ளுபடி கிடைக்கிறது. வசதி குறைந்தவருக்குப் பேரம் உதவும் என்ற வாதம் இங்கே தலைகீழாகிறது. பேரம் பேச நேரம் வேண்டும், தகவல் வேண்டும், ‘இங்கே வேண்டாம்’ என்று எழுந்துபோகும் துணிவு வேண்டும். இவை பெரும்பாலும் ஏற்கெனவே வசதியாக இருப்பவர்களிடமே இருக்கின்றன.

ஏற்றத்தாழ்வை எது குறைக்கும் என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. ஃபியோனா ஸ்காட் மார்ட்டனும் அவரது சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இணையச் சேவை ஒன்றின் வழியாக விலை கேட்டு வாங்கிய சிறுபான்மை இனத்தவர், வெள்ளையினத்தவருக்கு ஏறக்குறைய இணையான விலையே கொடுத்திருந்தது தெரிந்தது. ஆளும் தோற்றமும் மறைந்து, கடைகளுக்கு இடையிலான ஒப்பீடு வந்ததும் பாரபட்சமும் பெருமளவு மறைந்தது.

யார் வைக்கும் கறார் விலை?

கறார் விலையில் கார் விற்றுக் காட்டிய முன்னோடி, ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய சாட்டர்ன். 1990-ல் அதன் முதல் கார் வெளிவந்தது. எழுதியிருக்கும் விலைதான் விலை, பேரம் கிடையாது என்பதே அதன் அடையாளம். வாடிக்கையாளர்கள் அந்த முறையை விரும்பினார்கள். 2010-ல் சாட்டர்ன் மூடப்பட்டதைக் காட்டி, கறார் விலை கார் வியாபாரத்துக்கு ஒத்துவராது என்று சிலர் வாதிடுவதுண்டு. அது பிழை. புதிய மாடல்களுக்குப் போதிய முதலீடு இல்லாததும், 2009-ல் தாய் நிறுவனமே திவாலானதும்தான் அதை வீழ்த்தின.

ஆனால், விலையை நிறுவனமே மேலிருந்து பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுஸுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அனுமதித்த அளவுக்கு மேல் டீலர்கள் தள்ளுபடி தரக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததாகவும், அதை மீறுவோரைப் பிடிக்க வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்கள் அனுப்பப்பட்டதாகவும், டீலர் மட்டுமல்லாமல் விற்பனை ஊழியர்கள் மீதும் அபராதம் விழுந்ததாகவும் ஆணையம் தன் உத்தரவில் பதிவுசெய்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. தீர்ப்பாயம் அபராதத்தை நிபந்தனையோடு நிறுத்திவைத்தது. இதே போன்ற குற்றச்சாட்டில் 2017-ல் ஹூண்டாய்க்கு விதிக்கப்பட்ட 87 கோடி ரூபாய் அபராதம் மறு ஆண்டே மேல்முறையீட்டில் ரத்தானது. இந்த வழக்குகளின் முடிவுகள் எப்படியானாலும், அவை எழுப்பிய கேள்வி நிற்கிறது. குறைத்து விற்கத் தயாராக இருக்கும் கடைக்காரரை, குறைக்காதே என்று தடுத்தால் நட்டம் யாருக்கு?

இப்போது நிறுவனங்கள் இதற்குச் சட்டபூர்வமான வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. மெர்சிடீஸ்-பென்ஸ் இந்தியா 2021 அக்டோபரிலிருந்து கார்களைத் தானே நேரடியாக விற்கிறது. கையிருப்பு நிறுவனத்துடையது, பில்லும் நிறுவனத்துடையது. ஷோரூம் நடத்துபவர் கமிஷன் பெறுகிறார். நாடு முழுவதும் ஒரே விலை. 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்த டெஸ்லாவும் உலகெங்கும் நேரடி விற்பனையாளரே. இந்த முறையில் பாரபட்சம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், ஒரே பிராண்டின் இரண்டு கடைகளுக்கு இடையிலான போட்டியும் இல்லை. ஒரே விலை என்பதால் நிலையான விலை என்றும் பொருளில்லை. 2023 ஜனவரியில் சீனாவில் டெஸ்லா திடீரென விலையைக் குறைத்தபோது, அதற்குச் சற்று முன்பு கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தவர்கள் ஷோரூம்களில் திரண்டு போராடினார்கள். மெர்சிடீஸ் வாங்குபவருக்கு மாற்று பிராண்டுகள் பல உண்டு. அந்தப் போட்டி அவரைக் காக்கும். சிறிய கார் சந்தையில் மிகப் பெரிய பங்கை ஓரிரு நிறுவனங்களே வைத்திருக்கும் இந்தியாவில், இந்த முறை கீழ்நோக்கிப் பரவினால் சாதாரண வாடிக்கையாளருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்காது.

மூன்றாவது வழி

ஆகவே வேண்டியது இதுதான்: ஒவ்வொரு டீலரும் தன் விலையைத் தானே முடிவுசெய்யட்டும், முடிவுசெய்த விலையை எல்லோரும் பார்க்க வெளியிடட்டும், வெளியிட்ட விலையை வருகிற எல்லோருக்கும் கொடுக்கட்டும். கையிருப்பு தேங்கினால் குறைக்கலாம், ஆடி மாதத்தில் குறைக்கலாம், ஆண்டு முடிவில் குறைக்கலாம். குறைப்பது எல்லோருக்குமாக இருக்க வேண்டும்.

அமெரிக்கா 1958-லேயே ஒரு பாதித் தூரம் போனது. செனட்டர் மைக் மன்ரோனியின் முயற்சியால் வந்த சட்டப்படி, ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் நிறுவனம் பரிந்துரைக்கும் விலையும் கூடுதல் வசதிகளின் விலையும் தனித்தனியாக ஒட்டப்பட வேண்டும். ஆனால், அது பரிந்துரை விலையோடு நின்றது. கடை உண்மையில் வாங்கும் விலையைத் தொடவில்லை. அதனால்தான் முப்பது ஆண்டுகள் கழித்தும் ஏர்ஸால் அந்தப் பாரபட்சத்தைக் காண முடிந்தது.

இதற்கு எதிராக வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. விலைகள் வெளிப்படையானால் வாங்குபவர் மட்டுமல்ல, போட்டியாளரும் பார்ப்பார். டென்மார்க்கில் 1993-ல் போட்டி அமைப்பு, கான்கிரீட் நிறுவனங்கள் உண்மையில் விற்கும் விலைகளை வெளியிடத் தொடங்கியது. விலை குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, ஓராண்டுக்குள் 15 முதல் 20 சதவீதம் ஏறியது. யார் ரகசியமாகக் குறைக்கிறார்கள் என்பது அம்பலமானதும், குறைக்கும் ஆர்வமே போய்விட்டது. இந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், கான்கிரீட்டைத் தொலைவிலிருந்து வாங்க முடியாது, காரை வாங்கலாம். மதுரைக்காரர் திருச்சியில் வாங்கித் தன் ஊரில் பதிவுசெய்யச் சட்டத்தில் தடையில்லை. தமிழ்நாடு முழுவதும் உள்ள டீலர்களின் விலை ஒரே பார்வையில் தெரிந்தால், ஓர் ஊரின் இரண்டு கடைக்காரர்கள் கூடிப் பேசி விலையைப் பிடித்து வைப்பது கடினம். அப்படியும் கூடினால் கண்டுபிடிப்பது போட்டி ஆணையத்தின் வேலை.

நடைமுறைக்குப் பெரிய தடை எதுவும் இல்லை. 2025-ல் ஜிஎஸ்டி குறைந்தபோது, பழைய விலை, புதிய விலை என்று மாடல் வாரியாக நிறுவனங்கள் சில நாட்களிலேயே பட்டியல் வெளியிட்டன. அரசின் கவனம் இருந்ததால் அது நடந்தது. அதே கவனத்தோடு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும்.

முதலாவதாக, கட்டாயச் செலவும் விருப்பச் செலவும் பிரிக்கப்பட்ட முழு ஆன்-ரோடு விலைப் பட்டியலை ஒவ்வொரு ஷோரூமும் தமிழில் பலகையாகவும் இணையத்திலும் வைப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கட்டாயமாக்க வேண்டும். இணையக் கடைகளுக்கு வகுத்த நெறி, கண்ணாடிக் கதவு வைத்த கடைக்கும் பொருந்த வேண்டும். இரண்டாவதாக, அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணங்களின் பட்டியலை மாநிலப் போக்குவரத்துத் துறை ஒவ்வொரு ஷோரூமிலும் ஒட்டச் செய்து, அரசின் பெயரில் கூடுதல் வசூல் நடந்தால் டீலரின் வணிகச் சான்றில் கைவைக்க வேண்டும். மூன்றாவதாக, டீலர் குறைத்து விற்பதைத் தடுக்கும் எந்த ஏற்பாட்டையும், அது ஒப்பந்தத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும், போட்டி ஆணையம் புகாருக்குக் காத்திராமல் விசாரிக்க வேண்டும்.

இதனால் விற்பனை ஊழியர்களுக்கும் நன்மை உண்டு. இன்று ஒரே ஆள் மேலாளரிடம் மாத இலக்குக்காகவும் வாடிக்கையாளரிடம் தள்ளுபடிக்காகவும் இரண்டு பக்கமும் இடிபடுகிறார். விலை வெளியில் தெரிந்துவிட்டால், காரைப் பற்றிச் சரியாகச் சொல்வதே அவர் வேலையாக இருக்கும்.

அந்த நாள் வரும்வரை, கார் வாங்குவோர் குறைந்தது மூன்று டீலர்களிடம் எழுத்துபூர்வமாகக் கொட்டேஷன் வாங்குங்கள். புதிய கார், பழைய கார், கடன், இன்சூரன்ஸ் நான்கையும் தனித்தனியாகப் பேசுங்கள். தள்ளுபடியைப் பார்க்காமல் கடைசியில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள்.

ஆனால், இந்த அறிவுரை எல்லோரையும் எட்டாது. எட்டினாலும் எல்லோராலும் செய்ய முடியாது. அதனால்தான் இதைத் தனிமனிதரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். இதற்காகப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. விலையை முழுமையாக அறியும் உரிமையை 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. குறைத்து விற்கும் உரிமையை 2002-ன் போட்டிச் சட்டம் காக்கிறது. இரண்டையும் சேர்த்து ஷோரூமுக்குள் கொண்டுவரும் பொறுப்பு அரசுடையது. தாமதத்தின் விலையை, இப்போதும் கேட்கத் தயங்குபவர்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.