சாயமும் அறமும்

மானம் காப்பது உடை. அவ்வுடைக்கு அழகு தருவது நிறம். அந்நிறத்தைப் பண்டைய நெசவாளர் செடிகொடிகளிடமிருந்தே பெரிதும் பெற்றனர். அவுரி இலை நீலம் தந்தது. இம்பூறல் எனப்படும் சாயவேர் செம்மை தந்தது.

இந்நிறங்களைப் பெறுதல் எளிதன்று. அவுரித் தழையைத் தொட்டி நீரில் ஊறவைத்துப் புளித்தபின், தழையை நீக்கி, நீரை நெடுநேரம் அடித்துக் கலக்குவர். காற்றுப் பட்டதும் நீலம் தோன்றி அடியில் வண்டலாய்ப் படியும். அவ்வண்டல் நீரில் கரையாது. ஆதலின், சுண்ணாம்பு முதலியன சேர்த்துத் தாழியில் மீண்டும் புளிக்கவைத்து, அதில் நூலைத் தோய்ப்பர். பசுமஞ்சளாய் வெளிவரும் நூல் காற்றுப் பட்டு நீலமாகும். சாயவேரின் செம்மையோ படிகாரத்தின் துணையின்றி நூலில் நன்கு நிலைப்பதில்லை. ஆய்வுக்கூடம் காணாத கைவினைஞர் பட்டறிவால் கண்ட வேதியியல் இது.

1856ஆம் ஆண்டில் பெர்க்கின் என்னும் ஆங்கிலேய இளைஞர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. மலிவும் எளிமையும் உடைய அச்சாயங்களின் முன் அவுரி வயல்கள் சுருங்கின.

இயற்கைச் சாயம் அனைத்தும் நல்லது, செயற்கைச் சாயம் அனைத்தும் தீயது என்று கூறுவோர் இன்று உளர். வரலாறு இக்கூற்றை ஏற்கவில்லை. பீகாரின் சம்பாரண் பகுதியில், தம் நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கில் அவுரி பயிரிடுமாறு வெள்ளைத் தோட்ட முதலாளிகள் உழவரை வற்புறுத்தினர். அத்துயர் துடைக்கவே 1917இல் காந்தியடிகள் அங்குச் சென்றார். மறு ஆண்டு அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆங்கே உழவரை வாட்டியது செயற்கைச் சாயமன்று. இயற்கை நீலத்தால் பொருள் குவிக்க எண்ணிய பேராசையே.

அப்பேராசை செயற்கைச் சாயத்தையும் விட்டுவைக்கவில்லை. திருப்பூர்ச் சாயக் கழிவுகள் நொய்யலாற்றில் கலந்தன. பாசனத்திற்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளில் கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கரையோர வயல்களும் கிணறுகளும் கெட்டன. தூய்மை செய்யாது கழிவை வெளிவிட்ட சாய ஆலைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

எனவே, சாயத்தின் நன்மை அது பிறந்த இடத்தால் மட்டும் அமைவதன்று. அதனை ஆக்கும் முறையாலும் அமைவது. உலகோர் அனைவரின் உடைக்கும் செடிச்சாயம் போதாது. அதற்கு வேண்டும் நிலமும் உழைப்பும் மிகப் பெரியன. ஆயினும், அக்கலை அழிய விடத்தக்கதன்று. சாறு பிழிந்த அவுரித் தழை வயலுக்கு எருவாகிறது. கைத்தறி நெசவாளர்க்குத் தனிச்சிறப்புத் தரும் தொழிலாகவும் அக்கலை நிற்கிறது. செயற்கைச் சாயத்தைக் கையாள்வோர் கழிவைத் தூய்மை செய்தலும், இயற்கைச் சாயம் விற்போர் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் தக்க ஊதியம் அளித்தலும் கடனாகும்.

துணி வாங்குவோர் சாயம் போகுமா என்று தவறாது கேட்கின்றனர். அச்சாயத்தால் எவ்வாறு கெட்டது, எவர் வயிறு வாடியது என்றும் கேட்பாராயின், இரு தீமைகளும் குறையும்.