தவிசாளரின் அறிக்கையில் தோட்டத்துக்கு எத்தனை வரி?

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்தோம். ஜூன் 2ஆம் திகதி புதிய சபைகளின் பதவிக்காலம் ஆரம்பமானது. அன்றிலிருந்து மலையகத்தின் சிறு நகரங்களில் தவிசாளர்களும் நகர முதல்வர்களும் அவ்வப்போது “நாம் செய்தவை” என்று அறிக்கை வெளியிடுகிறார்கள். பத்திரிகையில் வருகிறது, பேஸ்புக்கில் வருகிறது, சந்தைச் சுவரில்கூட ஒட்டுகிறார்கள். நல்ல பழக்கம்தான். செய்ததைச் சொல்லாமலே காலத்தை ஓட்டியவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

அப்படியான அறிக்கை ஒன்றை அண்மையில் தோட்டத் தலைவர், தலைவிமார் சிலரோடு உட்கார்ந்து வாசித்தோம். பஸ் தரிப்பிடத்துக்குக் கொங்கிரீட், மரக்கறிச் சந்தைக்குப் புதுக் கூரை, பிரதான வீதிக்கு மின்விளக்கு, கான் துப்புரவு. படங்களும் உண்டு. நான்கு பக்கங்களில் “தோட்டம்” என்ற சொல் ஒரே ஓரிடத்தில்தான் இருந்தது: கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர் பவுசர் அனுப்பிய இடத்தில். அது ஒரு பிரதேச சபை. அதன் வாக்காளர்களில் பெரும்பாலானோர் லயத்தில் இருப்பவர்கள்.

நகரத்துக்குச் செய்வதை நாம் எதிர்க்கவில்லை. அந்த நகரம் எமக்கும் உரியது. பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். சம்பளம் போட்ட மறுநாள் கடைத்தெருவில் யார் நிற்கிறார்கள் என்று கடை முதலாளிமாரைக் கேட்டால் தெரியும். அந்த வியாபாரத்தை நம்பித்தான் சபையின் கடை வாடகையும் ஆதன வரியும் வருகின்றன. பெருந்தோட்டக் காணிகளுக்கு ஏக்கர் வரி என்ற ஒன்றும் சபைக்குக் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே “தோட்டத்திலிருந்து சபைக்கு என்ன வருமானம்?” என்று ஒரு உறுப்பினர் கேட்டால், அவர் தன் சபையின் வரவுக் கணக்கை வாசிக்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டும்.

முன்பு ஒரு சாட்டு இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு கிராம அபிவிருத்தியைப் பற்றிப் பேசியதே தவிர, தோட்டக் குடியிருப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. வாக்குக் கேட்க லயத்துக்கு வந்தவர்கள், வேலை கேட்டால் “அது கம்பனிக் காணி, சபைப் பணத்தைச் செலவழித்தால் கணக்காய்வில் மாட்டிக்கொள்வோம்” என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. தோட்டத் துரையிடம் போனால் “சபையைக் கேளுங்கள்” என்பார். 30 வருடங்கள் இந்தப் பந்தாட்டம் நடந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றியது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை நிதியைச் செலவிட வழி திறந்தது. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகளும் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவற்றோடு ஆறு சபைகளாயின. தவிசாளர் கதிரைகள் கூடிவிட்டன. மேல் டிவிசனுக்குப் போகும் பாதை மட்டும் அப்படியேதான் கிடக்கிறது.

அந்தப் பாதையைப் பற்றியே கொஞ்சம் பேசுவோம். கொழுந்து லொறி போகிறது, பாடசாலைப் பிள்ளைகள் நடக்கிறார்கள், பிரசவ வலி வந்தவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இறங்குவதும் அதே பாதையில்தான். அது யாருடைய பாதை? வீதி அபிவிருத்தி அதிகார சபையினதா, மாகாண சபையினதா, பிரதேச சபையினதா, கம்பனியினதா? பல இடங்களில் ஒருவருக்கும் விடை தெரியாது. ஒரு பாதை சபையின் பாதையாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறியிருந்தால் அதைப் பராமரிப்பது சபையின் பொறுப்பு. ஏறாவிட்டால், தேர்தல் காலத்தில் ஒரு லோடு கல் கொட்டுவார்கள், அடுத்த மழையில் அது கானுக்குள் போய்விடும். உறுப்பினரைச் சந்திக்கும்போது “பாதை போட்டுத் தாருங்கள்” என்று கும்பிடுவதை விட “எங்கள் பாதை பதிவேட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏற்றுவதற்கு எப்போது பிரேரணை கொண்டுவருவீர்கள்” என்று கேட்பது பலன் தரும். காணி குத்தகையில் கம்பனியிடம் இருப்பதால் நிர்வாகத்தோடு பேசவேண்டி வரும் என்பது உண்மை. அந்தப் பேச்சுக்கு எமது சங்கம் வரத் தயார்.

நகர சபை, மாநகர சபை உள்ள இடங்களில் கதை வேறு. நகரத்தைச் சுற்றியுள்ள பல தோட்டங்கள் சபை எல்லைக்கு வெளியே நிற்கின்றன. நகரில் சாமான் வாங்குகிறோம், வாக்குப் போடுவதோ பிரதேச சபைக்கு. குப்பையை எங்கே கொட்டுவது என்று வரும்போது மாத்திரம் எல்லை மறந்துபோய், தோட்டத்துப் பள்ளம் ஒன்று கண்ணில் படுகிறது! இரண்டு சபைகளும் ஒரு மேசையில் இருந்து பேசவேண்டிய விடயம் இது. எந்த அறிக்கையிலும் அதைக் காணோம்.

தலைவிமார் சொன்ன ஒன்றையும் எழுதியே ஆகவேண்டும். நகருக்கு வரும் பெண்களுக்குப் பஸ் தரிப்பிடத்தில் பாவிக்கக்கூடிய மலசலகூடம் இல்லை. இருந்தால் பூட்டு, இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. காலையில் வீட்டில் தண்ணீர் குடிக்காமலே ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வருவதாக ஒரு அக்கா சொன்னார். உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. சபைக்குப் போன எமது சகோதரிகள் முதல் வேலையாக இதைக் கையில் எடுத்தால், எந்தக் கட்சிக்காரரும் எதிர்த்துக் கை உயர்த்த மாட்டார்.

சபைகளிடம் பணம் குறைவு என்பதை நாம் மறுக்கவில்லை. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் நிதி இல்லை என்று தள்ளிப்போடப்பட்டு, இரண்டு வருடங்களுக்கு மேலாக உறுப்பினர் இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். அந்தத் தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்த இடைவெளியில் தேங்கிய வேலை ஏராளம். ஆனாலும் குறைந்த பணத்தை எங்கே செலவழிப்பது என்று தீர்மானிப்பதற்குத்தானே சபை?

ஒவ்வொரு வருட முடிவுக்கும் முன் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருகிறது. அது நிறைவேறிய பிறகு போய்க் கத்துவதில் பயனில்லை. ஆகவே தோட்டக் கமிட்டிகள் இப்போதே கூடிப் பேசவேண்டும். பாதை, தண்ணீர், விளக்கு, பிள்ளை மடுவம், மயானம் என்று எல்லாவற்றையும் எழுதி நீட்டாமல், மிக அவசரமான இரண்டை மட்டும் எழுதித் தவிசாளருக்குக் கொடுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் சொல்லியாக வேண்டும். கடந்த வருடம் எமது வட்டாரத்தில் சபை எவ்வளவு செலவழித்தது, எங்கள் பாதை பதிவேட்டில் உண்டா என்ற இரண்டு கேள்விகளே போதும்.

கிடைக்கும் பதில்களின் பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். தவிசாளர்களின் அடுத்த அறிக்கை வரும்போது அவற்றையும் பக்கத்தில் வைத்து இதே பக்கத்தில் வெளியிடுவோம்.