பச்சையெல்லாம் காடு அல்ல

திருச்சி, துறையூர் பக்கத்து ஜனங்களுக்கு புளியஞ்சோலை என்றாலே ஞாயிற்றுக்கிழமைதான். புளிசாதம், துண்டு, எண்ணெய்ச் சீசா சகிதம் வந்து, அய்யாற்றில் ஆசை தீரக் குளித்துவிட்டுப் போவார்கள். குளிக்கிற யாரும் நிமிர்ந்து பார்த்து, 'இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?' என்று கேட்பதில்லை.

கொல்லிமலையிலிருந்து வருகிறது. மேலே ஆகாய கங்கை அருவியாக விழுந்து, கீழே அய்யாறாக ஓடி வருகிறது. மழையை வாங்கி மண்ணுக்குள் டெபாசிட் செய்து, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிற வங்கிதான் மேலே இருக்கிற சோலைக் காடு.

அந்த மலையில் காலங்காலமாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியது. சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணும் இளகி மழையோடு போகிறது. இன்னொரு பக்கம் காபி, மிளகுத் தோட்டங்களில் வரிசை வரிசையாக சில்வர் ஓக். ஆஸ்திரேலியா மரம். மலைவாழ் மக்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாலு காசு பார்க்கிற பயிரை வைக்காதே என்று சொல்ல, ஏ.சி. அறையில் காபி குடிக்கிற நமக்கு யோக்கியதை இல்லை.

என் சண்டை கணக்கு எழுதுகிறவர்களோடு.

இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் நாட்டின் காட்டுப் பரப்பைக் கணக்கிட்டு அறிக்கை வெளியிடுகிறது. அதன்படி காடு என்றால் என்ன தெரியுமா? ஒரு ஹெக்டேர் அளவாவது இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல் தெரிய வேண்டும். அவ்வளவுதான். யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. சோலையும் காடு, சில்வர் ஓக் தோட்டமும் காடு, தைலமரமும் காடு. சோலையை வெட்டிவிட்டு சில்வர் ஓக் வைத்தாலும் மொத்தத்தில் நஷ்டம் தெரியாது. பி.காம். முதல் வருஷ மாணவன் இப்படிக் கணக்கு எழுதினால் வாத்தியார் முட்டை மார்க் போடுவார்.

சோலைக்காவது பட்டியலில் இடம் இருக்கிறது. புல்வெளிக்கு அதுவும் இல்லை. மரம் இல்லையா, அப்போ அது 'தரிசு'. வரையாடு மேய்கிற இடம் தரிசு. கோடியக்கரையில் வெளிமான் ஓடுகிற இடம் தரிசு. புல்லின் உடம்பில் பெரும்பகுதி மண்ணுக்குள் வேராக இருக்கிறது, மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பதே அதுதான் என்பதெல்லாம் ஃபைலில் ஏறாத விஷயங்கள்.

தரிசு என்று பெயர் வைத்தால் அடுத்து என்ன நடக்கும்? நீலகிரியிலும் பழனி மலையிலும் நடந்தது. வெள்ளைக்காரன் ஆரம்பித்து வைத்தான், சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விடாமல் தொடர்ந்தோம். தோல் பதனிட சீகை, விஸ்கோஸ் ஆலைக்குத் தைலமரம் என்று புல்வெளியெல்லாம் நட்டோம். 1973-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, பழனி மலையில் புல்வெளி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. இப்போது நாம் நடாமலேயே சீகை பரவுகிறது. அந்நியச் செடிகளை அகற்ற 2022-ல் அரசே தனிக் கொள்கை வெளியிட வேண்டிவந்தது. நடவும் நம் வரிப்பணம், பிடுங்கவும் நம் வரிப்பணம்!

அதே 2022-ல்தான் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கியது. பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது இலக்கு. நாட்டு மரங்களுக்கு முன்னுரிமை என்கிறார்கள். சந்தோஷம். ஆனால் எங்கே நடுவீர்கள் என்பதல்லவா கேள்வி?

'மரம் நடுறதைக்கூட எதிர்ப்பீங்களா சார்?' என்று கேட்பீர்கள். உங்கள் தெருவில் நடுங்கள், பள்ளிக்கூடத்தில் நடுங்கள், வெட்டித் தள்ளிய நெடுஞ்சாலை ஓரத்தில் நடுங்கள். நானும் குடத்தோடு வருகிறேன். புல்வெளியில் மட்டும் நடாதீர்கள். அங்கே மரம் நடுவது, நெல்வயலில் பிளாட் போடுவதைப் போன்ற காரியம்.

அரசிடம் கேட்பது இரண்டே விஷயம். இயற்கைக் காட்டையும் தோட்டத்தையும் ஒரே கூட்டலில் போடாதீர்கள். தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். புல்வெளியை 'தரிசு' பட்டியலிலிருந்து எடுத்து, புல்வெளி என்றே எழுதுங்கள். பைசா செலவில்லாமல் ஆரம்பிக்கலாம்.

அடுத்த ஞாயிறு புளியஞ்சோலைக்குப் போனால், தலை துவட்டும்போது ஒரு தடவை மலையை நிமிர்ந்து பாருங்கள். தூரத்திலிருந்து எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். எந்தப் பச்சை காடு, எந்தப் பச்சை தோட்டம் என்பது ஒரு கோடையில் ஆறு சொல்லிவிடும். அதற்கு முன்னால் நாம் தெரிந்துகொள்வது நல்லது.