திரைக்கல்வி எட்டாக் கனியா?

திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தோழர் ஒருவர் நமக்கு மடல் தீட்டியிருக்கிறார். கூட்டங்களுக்கு மைக் செட் கட்டுவது அவர் தொழில். கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுவார். மேடையில் மைக்கைத் தட்டிப் பார்ப்பார். கூட்டம் முடிந்து, பேசியவர்கள் புறப்பட்டு, கேட்டவர்கள் கலைந்த பிறகு, கம்பியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக வீடு திரும்புவார்.

அவர் மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஒளிப்பதிவு படிக்க வேண்டும் என்கிறாளாம். சென்னைக்கு வந்து தனியார் பயிலகம் ஒன்றில் விசாரித்திருக்கிறார் தந்தை. இலட்சங்களில் தொகை சொன்னார்களாம். விடுதிக்குத் தனி, கருவிக்குத் தனி, கடைசி ஆண்டில் படம் எடுக்கத் தனி என்றார்களாம்.

"இருப்பது இரண்டு மா நிலம். அதை விற்றுவிடலாமா? அல்லது, 'இதெல்லாம் நம் வீட்டுக்கு ஆகாதம்மா' என்று பெண்ணைத் தேற்றிவிடலாமா? நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

நிலத்தையும் விற்க வேண்டாம். பெண்ணின் நெஞ்சையும் நோகடிக்க வேண்டாம். அதுவே நம் விடை. ஆனால் அந்த விடையை இன்று முழு உறுதியோடு சொல்ல முடியவில்லையே என்பதுதான் நம் வேதனை!

எந்த நாட்டில் எழுகிறது இந்தக் கேள்வி? திரையை வெறும் பொழுதுபோக்காக விட்டுவைக்காத நாட்டில்! 1949-இல் 'வேலைக்காரி' வந்தது. 1952-இல் 'பராசக்தி' வந்தது. கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்த பாட்டாளி, தன் வழக்குக்கு வாதாட ஒரு வக்கீல் திரையிலே தோன்றிவிட்டான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். திரைக்கு எழுதிய கைகளும் திரையில் தோன்றிய முகங்களும் இந்த மாநிலத்தின் கோட்டையில் முதலமைச்சர் நாற்காலியை அணி செய்தன. உலகில் வேறெங்கு உண்டு இப்படியொரு வரலாறு?

அந்த உரையாடல்களை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் தோழர்கள் ஆயிரம் ஆயிரம். நல்லது, மகிழ்கிறோம். ஆனால், 'பராசக்தி'க்குக் கேமராவைப் பிடித்தவர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? மாருதி ராவ் என்பது அவர் பெயர். சொல்லுக்கு மாலை சூட்டினோம். அந்தச் சொல்லை ஒளியிலே ஏற்றிய தொழிலை மறந்தோம். தொழிலை மறந்ததால், அதைக் கற்பிக்கும் இடத்தையும் மறந்தோம்!

அப்படியோர் இடம் இல்லாமலில்லை. 1945-இலேயே சென்னையில், அரசின் பாலிடெக்னிக்கில், திரைத் தொழில்நுட்பம் கற்பிக்கும் பிரிவு தொடங்கப்பட்டது. புனேயில் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் மத்திய அரசு திரைப்படக் கல்லூரி தொடங்கியது 1960-இல்தான். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னரே நாம் தொடங்கிவிட்டோம்! அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட் என்று ஊரார் அழைத்த அந்த நிறுவனம், எம்.ஜி.ஆர். பெயர் தாங்கி இன்று தரமணியில் இயங்குகிறது. பலகையில் யார் பெயர் என்பதல்ல நமக்குக் கவலை. வாயிலில் யார் நுழைகிறார்கள் என்பதே கவலை.

பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். ராஜீவ் மேனன் அங்கே படித்தவர். நடிகையாக நாம் அறிந்த சுஹாசினி, ஒளிப்பதிவு பயிலத்தான் அங்கே சேர்ந்தார். 1986-இல் 'ஊமை விழிகள்' வந்தபோது, 'பிலிம் இன்ஸ்டிடியூட் மாணவர்கள் எடுத்த படமாமே!' என்று ஊரே வியந்தது. வியந்தவர்கள் அந்த மாணவர்களை உருவாக்கியது அரசின் பணம், அதாவது வரி கட்டிய ஏழையின் பணம், என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

முன்பு அங்கே பட்டயம் மட்டுமே தந்தார்கள். இன்று, 2013-இல் சட்டமியற்றி நிறுவப்பட்ட இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்காண்டுப் பட்டப்படிப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, அசைவூட்டம், படத்துக்கு நிறமும் நிறைவும் சேர்க்கும் எண்ணியப் பிரிவு என ஆறு துறைகள். தனியார் கேட்கும் தொகையில் சிறு பகுதிதான் கட்டணம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை சேரலாம். ஆகவே, மடல் எழுதிய தோழருக்கு நாம் முதலில் காட்டும் திசை தரமணி.

ஆனால், அங்கே இடம் எத்தனை? ஆறு துறைகளையும் கூட்டினாலும் நூறு இடங்கள்கூட இல்லை! திரையால் ஆட்சி கண்ட மாநிலம், ஏழரைக் கோடி மக்கள் வாழும் மாநிலம், ஏழைப் பிள்ளைக்குத் திரைக்கல்வி தர வைத்திருக்கும் நாற்காலிகள் ஒரு பேருந்து இரண்டு நடையில் ஏற்றிச் செல்லும் அளவுதான் என்றால், இதைப் பெருமை என்பதா, சிறுமை என்பதா?

வெளியே செல்லலாமே என்பர் சிலர். புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் நிறுவனங்கள் உண்டு. 2025-இல் இரண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும் பெற்றன. தரத்தில் குறை சொல்வதற்கில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்து தமிழ்த் திரைக்குப் புது ஒளி தந்த பாலு மகேந்திரா புனேயில் படித்தவர்தான். ஆனால், அங்குள்ள முதன்மைப் படிப்புகள் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்க்கே உரியவை. கட்டணமோ? ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏற்றிக்கொண்டே போனார்கள். பொறுக்க முடியாமல் 2019 டிசம்பரில் மாணவர்கள் பட்டினிப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அரசு நடத்தும் கல்லூரியிலேயே கட்டணத்துக்காக மாணவன் பட்டினி கிடக்கிறான் என்றால், தனியார் வாயிலில் ஏழைக்கு என்ன வேலை?

"படிப்பு எதற்கு? யாரிடமாவது உதவியாளராகச் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொள்ளலாமே! அந்தக் காலத்து மேதைகள் கல்லூரிக்கா போனார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் உதவியாளராகச் சேர்வது எப்படி என்று அவர்கள் சொல்வார்களா? மாமன் ஸ்டூடியோவில் இருக்க வேண்டும். அல்லது சித்தப்பா படமெடுக்க வேண்டும். அல்லது சம்பளமின்றி ஈராண்டு, மூவாண்டு சென்னையில் அறை எடுத்துத் தங்கக் கையில் காசிருக்க வேண்டும். மைக் செட் கட்டுபவர் மகளுக்கு இம்மூன்றில் எது உண்டு? பெண்ணாய்ப் பிறந்தவள் இரவுப் படப்பிடிப்பில் எடுபிடியாக நின்று தொழில் கற்பது அத்தனை எளிதா? உறவு உள்ளவனுக்குக் குருகுலம், உறவற்றவனுக்குக் கல்லூரி! ஆகவேதான் கல்லூரி வேண்டும் என்கிறோம். கல்லூரியைப் பழிப்பவர் தெரிந்தோ தெரியாமலோ பரம்பரைக்குக் காவல் நிற்கிறார்.

"கையிலே கைபேசி இருக்கிறது, அதிலே கேமரா இருக்கிறது, இனி எல்லாருமே ஒளிப்பதிவாளர்தானே" என்பது புதிய வாதம். பேனா எல்லார் சட்டைப்பையிலும் இருந்தது; எல்லாருமா எழுத்தாளர் ஆனார்கள்? கருத்த முகத்துக்கு எவ்வளவு ஒளி வேண்டும், நண்பகல் வெயிலில் நிழலை எப்படி மென்மையாக்குவது, எந்த லென்ஸ் முகத்தை எப்படிக் காட்டும், இருட்டைக்கூடப் பார்க்கும்படி படமாக்குவது எப்படி என்பனவெல்லாம் கற்றுத் தெளிய வேண்டியவை. வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து அளவு அமைத்த படச்சுருள்களோடு மல்லாடித்தான் நம் மக்களின் நிறத்தைத் திரையிலே கொண்டுவந்தார்கள் முன்னோர். அந்த அறிவு கைபேசியோடு சேர்ந்து வருவதில்லை.

இனி, கருவூலத்தைக் காட்டிக் கையை விரிப்பவர்களுக்கு ஒரு பழங்கதை. 1856-இல் கும்பினி அரசு, லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரியைச் சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தியது. மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றி மதுரைக்கும் திருவரங்கத்துக்கும் தஞ்சைக்கும் போனார் அவர். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஆறு மீட்டருக்கு நெருங்கிய ஒரே நீள் படமாக்கினார். தமிழ் எழுத்துக்குக் கிட்டிய அரிய ஆவணம் அது. அடுத்து என்ன நடந்தது? ஆளுநர் டிரெவெல்யன் வந்தார். ஒளிப்படமா, அது ஆடம்பரம், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாது என்று சொல்லி, 1860-க்குள் அந்தப் பணியையே இழுத்து மூடினார். அன்று அயலான் ஆடம்பரம் என்றான். இன்று நம்மவரே அதைச் சொல்லலாமா?

ஆடம்பரமா இது? திருமண வீட்டுப் படம் முதல் தேர்தல் மேடை நேரலை வரை, தொலைக்காட்சிச் செய்தி முதல் பாடசாலைக் காணொளி வரை, இன்று படமின்றி நடப்பது ஏது? இது இலட்சக்கணக்கானோர் பிழைக்கும் தொழில். தொழிலென்று ஒப்புக்கொண்டால் கல்வி தர வேண்டும். கல்வியென்று ஒப்புக்கொண்டால் அது எளியோர்க்கும் எட்ட வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை சில.

ஒன்று: தரமணியில் இடங்களைப் பெருக்குக. மதுரையிலும் கோவையிலும் கிளைகள் காண்க. கருவியும் ஆசிரியரும் இல்லாமல் இடத்தை மட்டும் கூட்டுவது பந்திக்கு இலை போட்டுச் சோறு போடாத கதை. ஆகவே நிலையான ஆசிரியர்களையும் நிறைவான கருவிகளையும் முதலில் தருக.

இரண்டு: அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அந்தக் குடையின் நிழல் திரைக்கல்வி மீதும் விழட்டும். அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கட்டும்.

மூன்று: ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பற்றிய பாடநூல்கள் நல்ல தமிழில் வரட்டும். ஆங்கிலம் தெரியாத காரணத்தால் ஒளியைத் தெரியாமல் போக வேண்டியதில்லை.

இவற்றைச் செய்யத் தடை ஏதும் உண்டா? இல்லை! இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் ஆளுநரல்ல, முதலமைச்சர்! சட்டமே அப்படி. அதை இயற்றியது மாற்று முகாமின் அரசுதான். ஆயினும் நல்லதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆளுநர் மாளிகையில் கோப்பு உறங்குகிறது என்று இந்தத் துறையில் எவரும் சாக்குச் சொல்ல இயலாது.

கட்டணம் குறைந்தால் மட்டும் போதும் என்றும் நாம் மயங்கவில்லை. கேரளத்தில், கோட்டயத்தில், கே.ஆர். நாராயணன் பெயரால் அரசு நடத்தும் திரைப்பட நிறுவனம் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து குடியரசின் தலைவரானவர் பெயரைத் தாங்கிய அந்த நிறுவனத்திலேயே, சாதிப் பாகுபாடு காட்டப்படுகிறது, இடஒதுக்கீடு மீறப்படுகிறது என்று குற்றம் சாட்டி 2022 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2023 ஜனவரியில் அதன் இயக்குநர் பதவி விலகினார். பெயர்ப்பலகை சமூகநீதி பேசினால் போதாது. வகுப்பறை பேச வேண்டும். 69 விழுக்காட்டைப் போராடிக் காத்த மண்ணில், அந்தக் குறை எள்ளளவும் நேராமல் விழிப்போடிருப்பது நம் கடன்.

மீண்டும் திருவாரூர்த் தோழரிடம் வருகிறோம். தரமணிக்கு விண்ணப்பம் போடுங்கள். எந்தத் துறைக்கு எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் உலகம் இருண்டுவிடாது. காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் கல்லூரிகள் உண்டு. ஆனால் பல இடங்களில் அது சுயநிதிப் பிரிவிலே நடக்கிறது. உதவி பெறும் கல்லூரி என்ற பெயரைக் கேட்டுக் கட்டணமும் குறைவென்று நம்பிவிடாதீர்கள். எங்கே சேர்ப்பதானாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தரும் பட்டம் பல்கலைக்கழகப் பட்டமா? ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்? கற்பிப்போர் நிலையான ஆசிரியரா, வந்து போகிறவரா? கடைசி ஆண்டுப் படத்தின் செலவு யாருடையது? இவற்றுக்கு நேரான விடை சொல்லாத இடத்தில், கட்டடம் கண்ணாடி மாளிகையாக மின்னினாலும், ஒரு காசும் கட்டாதீர்கள். பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று ஆசை காட்டுவோரையும் நம்பாதீர்கள். இந்தத் தொழிலில் அப்படியொரு உறுதியை எவராலும் தர முடியாது.

மேடையிலே பேசியவர்களின் குரலை ஊருக்குக் கேட்கச் செய்தவர் நீங்கள். கம்பத்தில் ஏறி நீங்கள் கட்டிய குழாய் வழியாகத்தான் இந்த இயக்கத்தின் சொல் வயல்வெளி கடந்து குடிசைக்குள் நுழைந்தது. உங்கள் மகள், அந்தக் குடிசையை உலகுக்குக் காட்ட ஒரு கேமரா கேட்கிறாள்.

அதற்கு விலையாக உங்கள் இரண்டு மா நிலத்தைக் கேட்பது நீதியல்ல. நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும். கல்லூரியைக் கட்டித் தர வேண்டியது அரசின் கடமை. அது கட்டப்படும் வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை!