வீட்டுக் கணினியின் திறப்பு யார் கையில்?

போன தவணைப் பரீட்சை முடிந்த கையோடு கண்டியில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சிப் பட்டறை. இரண்டாம் நாள் காலையில் அதிபர் அழைத்தார். "சேர், தரம் 9 புள்ளிப் பட்டியல் இன்றைக்கே வேணும்." பட்டியலோ பாலையூற்றில், என் வீட்டுக் கணினியில். உம்மாவிடம் கணினியைப் போடச் சொன்னேன். முன்னரே நிறுவியிருந்த ஒரு செயலி மூலம் போனிலிருந்தே உள்ளே போய், பட்டியலை எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை. பக்கத்தில் இருந்த ஆசிரியர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு கிழமை கழிந்தது. நான் வகுப்பில் நிற்கும்போது உம்மாவின் அழைப்பு.

"மகன், நீங்களா உள்ள வந்திருக்கீங்க? இந்த அம்பு தன்ட பாட்டில ஓடுது."

நான் போகவில்லை. "வயரைக் கழட்டுங்க உம்மா!" என்று கத்திவிட்டேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

நடந்தது இதுதான். பிரிண்டர் பழுதானபோது, திருத்துபவருக்காகக் கணினியின் இலக்கத்தையும் நிரந்தரப் பாஸ்வேர்டையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் நானே போட்டிருந்தேன். வேலை முடிந்தபின் மாற்ற மறந்துவிட்டேன். அந்தக் குழுவில் இருநூறு பேருக்கு மேல். வந்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. செயலியில் பிழையில்லை. பிழை முழுக்க என்னுடையது.

அந்தக் கணினியில் பிள்ளைகளின் புள்ளிகள், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் இருக்கின்றன. அவை என் சொத்து அல்ல. என்னை நம்பித் தந்த அமானிதம். அன்றிரவு எனக்கு நித்திரை வராததற்குக் காரணம் அதுதான்.

"அப்படியென்றால் இந்த வேலையே வேண்டாம்" என்கிறார்கள் நண்பர்கள். நான் அதை ஏற்கமாட்டேன். 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடி, அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன நாட்களை மறந்துவிட்டோமா? கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகள், ஊரில் வாப்பாவின் கணினியைத் திருத்திக் கொடுப்பது எவ்வளவு பெரிய உதவி! வாசல் வைப்பதில் தவறில்லை. திறப்பு யார் கையில் என்பதுதான் கேள்வி.

முதலில், செய்யவே கூடாத ஒன்று. வின்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் வழமையாக 3389 என்ற போர்ட்டில் காத்திருக்கும். வீடியோ பார்த்துவிட்டுச் சிலர் ரவுட்டரில் அந்தப் போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். "பாலையூற்றில் இருக்கிற என் கணினியை யாருக்குத் தெரியும்?" என்று நினைக்காதீர்கள். தேடுவது மனிதன் அல்ல. திறந்த போர்ட்களைத் தேடிப் பாஸ்வேர்டை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2019 மே மாதம் வெளியே தெரியவந்த புளூகீப் என்ற ஓட்டையில் பாஸ்வேர்ட்கூடத் தேவைப்படவில்லை. கைவிட்டிருந்த வின்டோஸ் எக்ஸ்பிக்கே மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிடும் அளவுக்கு அது ஆபத்தாக இருந்தது.

பிறகு எப்படிச் செய்வது? நான் இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன்.

வின்டோஸ் ஹோம் பதிப்புக்குள் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப் மூலம் வர முடியாது. அதற்கு புரோ பதிப்பு வேண்டும். அதனால் நான் இலவசமான குரோம் ரிமோட் டெஸ்க்டொப்புக்கு மாறினேன். கூகுள் கணக்கும் வேண்டும், குறைந்தது ஆறு இலக்கப் பின் எண்ணும் வேண்டும். அந்தக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டேன். இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் இருக்கிறது. இரண்டுக்கும் ரவுட்டரில் எந்தப் போர்ட்டும் திறக்கத் தேவையில்லை.

தூங்கும் கணினிக்குள் போக முடியாது. ஆகவே ஸ்லீப்பை நிறுத்தினேன். மின்வெட்டுக்குப் பின் தானாக எழும்ப, பயொஸில் ஒரு தெரிவு உண்டு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறையில் ஒரு குரங்கு முழு நாட்டையும் இருட்டாக்கிய பிறகு இது பகிடி அல்ல, தேவை!

திருத்துபவருக்கு ஒருமுறைக்கான குறியீடு மட்டும் கொடுக்கிறேன். அவர் வேலை முடிக்கும்வரை திரைக்கு முன்னால் இருந்து பார்க்கிறேன். "வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள்" என்று யாரும் அழைத்தால் உடனே துண்டியுங்கள் என்று உம்மாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புள்ளிப் பட்டியலின் பிரதியொன்று கணினியோடு சேராத பென்டிரைவில் இருக்கிறது. 2023 இல் அரசாங்கத்தின் கிளவுட்டையே ரன்சம்வெயார் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அந்தக் காலத்துக்குத் தனியான பிரதி இருக்கவில்லை.

அனுமதியின்றி இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இல் அழைக்கலாம். ஆனால் சட்டம் வருவது திருடன் வந்துபோன பிறகுதான்.

ஊருக்குப் போகும்போது வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுப்போம். சந்தியில் தொங்கவிட்டுப் போவதில்லை. ஆசிரிய நண்பர்களே, இன்றிரவு உங்கள் வட்ஸ்அப் குழுக்களில் "பாஸ்வேர்ட்" என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். உங்களுடையது கிடைத்தால், இந்தப் பதிவுக்கு லைக் போட முன் அதை மாற்றுங்கள்.