சுழலும் தட்டும் சயாம் ரயிலும்

எங்கள் திருமண நாளன்று நானும் மனைவியும் மஸ்ஜித் இந்தியாவுக்குச் சென்றிருந்தோம். பாட்டிக்கு ஒரு நூல்சேலை வாங்குவதுதான் முதல் வேலை. 1863-இல் எழுப்பப்பட்ட பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய அந்தத் தெருவில், சேலைக்கடை, நகைக்கடை, மாமாக் கடை என எங்கு திரும்பினாலும் தமிழ் காதில் விழும். சேலை வாங்கி முடித்ததும் மனைவி, "எப்பவும் வாழையிலைச் சோறுதானா? இன்னிக்கு சுஷி சாப்பிடலாமே" என்றாள். சரியென்று எல்ஆர்டி ஏறி, பேரங்காடி ஒன்றிலிருந்த ஜப்பானிய உணவகத்துக்குப் போனோம்.

மேசையருகே தட்டுகள் சுழன்று வந்தன. தட்டின் நிறத்துக்கு ஏற்ப விலை. பீர் ஆலையில் புட்டிகள் நகர்வதைப் பார்த்து இந்த முறையை உருவாக்கியவர் ஷிராயிஷி யோஷியாகி; 1958-இல் ஒசாக்கா பகுதியில் முதல் கடையைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தேன். மலாய்க் குடும்பம், சீன மாணவர்கள், எங்களைப் போலவே இரண்டு தமிழ் இணைகள். பச்சை வசாபியைத் தொட்டுக் கண்ணீர் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது பாட்டி கைப்பேசியில் அழைத்தார்.

"எங்கய்யா இருக்கீங்க?"

"ஜப்பான் கடையில சாப்பிடுறோம் பாட்டி."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "சப்பான்காரனா? அவன் சோறு போடுறானா?"

மனைவி சிரித்துவிட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. பாட்டிக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. அவர் அறிந்த சப்பான்காரன் காலத்தில் சோறு கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான். வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு கை நிறைய இருந்தாலும் அரிசி வாங்க முடியாத காலம் அது. அவருடைய அப்பா 1943-இல் தோட்டத்து லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மெய்ஜி சீர்திருத்தத்தைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியவன் நான். ஆனால், என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையின் வேலை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நல்ல சம்பளம், சில மாதங்களில் திரும்பலாம் என்று ஆசை காட்டியும், பிடித்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுசென்றார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரவர் மடிந்தனர். காஞ்சனபுரிப் போர் இடுகாட்டில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாக உறங்குகிறார்கள். மிகப் பலருடைய கல்லறைகளில் பெயர் உண்டு, வயது உண்டு. நம்மவர்களுக்கு அப்படித் தனித்தனிப் பெயர்க்கல் வாய்க்கவில்லை. 1957-இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் கதையும் போர்க்கைதிகளின் கதைதான். தோட்டத் தொழிலாளியின் கதை அன்று.

அப்படியானால் சுஷி சாப்பிடுவது துரோகமா? இல்லை என்பதே என் கருத்து. தட்டை நீட்டும் இளைஞனுக்கும் அந்தப் போருக்கும் என்ன தொடர்பு? உணவுக்குப் பகை கிடையாது. மீனை உப்பிட்டுச் சோற்றில் புளிக்கவைக்கும் பழைய முறையிலிருந்து வந்ததுதான் சுஷி. அந்த முறை மேக்கோங் ஆற்றுப் பக்கம் தோன்றியது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. நம் மலாய் நண்பர்கள் வீட்டுப் பெக்காசாமும் அதற்கு உறவுதான். ஆகவே, ஜப்பானிய உணவை ஒதுக்கச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

அதே வேளையில், "எப்போதோ நடந்தது, அதைச் சாப்பாட்டு மேசைக்கு ஏன் கொண்டுவருகிறாய்?" என்று கேட்கும் நண்பர்களோடும் உடன்படவில்லை. மறதிக்கு ஜப்பானியரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீட்டுப் பெரியவர் அருகில் இருந்தும் கேட்காமல் இருப்பது யார் குற்றம்? ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இந்த நாட்டுத் தமிழ் எழுத்தாளர்கள் தங்கள் கடமையைச் செய்திருக்கிறார்கள். அந்த நாவல்களை நம்மில் எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்?

எனவே, மொழிக்கழக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாடகம், கவியரங்கம், பட்டிமன்றம் எல்லாம் நடத்துகிறோம். அவற்றோடு இதையும் சேர்ப்போம். ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, யார் சயாமுக்குப் போனார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, திரும்பினாரா என்று கேட்டு, அவர் பேசும் தமிழிலேயே பதிவு செய்யட்டும். நேரில் கண்ட தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்பாவை வழியனுப்பிய குழந்தைகள்தாம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால் நாவலையும் ஆவணத்தையும் தவிர வேறு சாட்சி நமக்கு இருக்காது.

மறு வாரம் சேலையோடு பாட்டியைப் பார்க்கப் போனேன். ஒரு குறிப்பேடும் கொண்டுபோனேன். அவர் சொன்ன முதல் தகவல் அப்பாவின் பெயர். இரண்டாவது, அவர் புறப்பட்ட காலையில் வீட்டில் வேகவைத்தது மரவள்ளிக் கிழங்கு. அதிலும் பாதியை மகளுக்கு வைத்துவிட்டுப் போனாராம். எழுதிக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க யாரும் கேக்கலையேய்யா" என்றார்.

நண்பர்களே, சுஷி சாப்பிடுங்கள், தவறில்லை. வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் கேளுங்கள்.